ஓடவிட்ட இரண்டு நிமிடத் தண்ணீர்

போன மாதம் ஒரு காலை நான் முன்பு வேலை பார்த்த சுகாதாரக் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது. நாவுல பக்கம் வேலை பார்க்கும் இளம் பரிசோதகர் ஒருவர் பேசினார்.

"சேர், ஆஸ்பத்திரிப் பைப்புல தண்ணி சாம்பிள் எடுக்குறதுக்குப் புதுசா ஒரு அறிவுறுத்தல் வந்திருக்கு. பைப்பத் தொறந்து ஓட விடக் கூடாதாம். சுடவும் கூடாதாம். வர்ற மொதத் தண்ணியவே போத்தல்ல புடிக்கணுமாம். உங்க காலத்துல இப்படி எடுத்திருக்கீங்களா சேர்?"

"சேர், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"இருக்கேன் தம்பி. இல்ல, எடுத்ததில்ல. அந்தத் தாள்ல ஒரு பிரதி எனக்கு அனுப்பி வைங்க" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து என் மனைவி, "யாருங்க செத்துப்போனது?" என்று கேட்டாள். முகம் அப்படி இருந்திருக்கிறது. அன்று முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை. பேசிச் சொல்ல எனக்கு வராது, இடையில் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் பீ.எச்.ஐ. என்றால்தான் தெரியும். கிணற்றுக்குக் குளோரின் போடுவது, டெங்கு நுளம்புக் குடம்பி தேடி அடுத்தவர் கொல்லையில் நடப்பது, சாப்பாட்டுக் கடைகளில் மூக்கை நுழைப்பது, தண்ணீர் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது எல்லாம் எங்கள் வேலை. பல்லேபொலச் சந்திக்குள் என் மோட்டார் சைக்கிள் திரும்பினாலே வடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைச் சாத்துவார். சாத்தட்டும் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் வருவேன். அவரோடு எனக்கு ஒரு பகையும் இல்லை, வடை நல்ல வடை.

பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பாவுக்குச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. படிப்பும் பயிற்சியும் எல்லோருக்கும் போலத்தான் போயின. உண்மையில் தொழில் என்று நான் கற்றதெல்லாம் பண்டார மாத்தயாவுக்குக் கீழே வேலை பார்த்தபோது கற்றது. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. என்னைவிட ஏழு வயது மூத்தவர், மேற்பார்வைப் பரிசோதகர். கத்த மாட்டார். பிழை செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நம்மையே பார்ப்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிவிடலாம்.

தண்ணீர் பிடிப்பதில் அவர் ஒரு பூசகரைப் போல. முதலில் குழாய் வாயில் மாட்டியிருக்கும் ரப்பரையும் துணியையும் கழற்ற வேண்டும். வாயைத் துடைக்க வேண்டும். குழாயை முழுக்கத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விட வேண்டும். பிறகு மூடி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட வேண்டும். மறுபடி திறந்து கொஞ்சம் ஓட விட்டு, மூடியைச் சுண்டுவிரலில் இடுக்கிக்கொண்டு, போத்தலின் கழுத்து எதிலும் படாமல் பிடிக்க வேண்டும். மேலே ஒரு விரலளவு இடம் விட வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும், கவனம் சிதறும். யாராவது வாயைத் திறந்தால் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்குவார். மந்திரி வந்தாலும் அந்தக் கைதான்.

இன்னொன்று திகதி. போத்தலில் திகதியும் நேரமும் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே எழுத வேண்டும். ஒருமுறை நான் மோட்டார் சைக்கிளில் ஏறியபின் எழுதினேன். போத்தலை வாங்கி, திறந்து, காலடியில் கொட்டினார். "நேரம் தப்பா இருந்தா இது வெறும் தண்ணி. போ, திரும்பப் புடிச்சிட்டு வா" என்றார் சிங்களத்தில். பதினொரு மைல் திரும்பிப் போனேன். அதற்குப் பிறகு என் சேவையில் நான் தவறான திகதி எழுதியதே கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அதில் ஒரு கர்வமே இருந்தது. இந்தக் கர்வத்தோடுதான் தவமணியின் விஷயத்துக்குள் போனேன்.

தவமணி எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். மழைக்குள் கொழுந்து நிறுக்க இறங்கியபோது சறுக்கி விழுந்து கணைக்கால் எலும்பு முறிந்தது. ஓர் அரச வைத்தியசாலையில் தகடு வைத்துத் தைத்தார்கள். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். பத்து நாள் அங்கே மருந்து கட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பி நான்காவது நாள் கால் வீங்கி, காயத்தில் பச்சைச் சீழ் வைத்துத் திரும்பக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கால் போனதோடு முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த நோய் விவர அட்டையில் ஒரு வரி இருந்தது. வீட்டில் காயத்தைச் சுத்தமாகப் பேணாததால் கிருமி தொற்றியது என்று. வைத்தியசாலையில் பிழை இல்லை, லயத்து அழுக்குத்தான் காரணம் என்பது அதன் அர்த்தம். அந்த வரி இருக்கும்வரை எங்கே போய் நியாயம் கேட்டாலும் கதவு திறக்காது. தவமணி தொழிற்சங்கக்காரரைப் பிடித்து முறைப்பாடு எழுதினாள். முறைப்பாடு வந்ததும், வைத்தியசாலை நிர்வாகத்தார் வெளியாள் ஒருவர் தண்ணீரைப் பார்க்கட்டும் என்று எங்கள் கந்தோருக்கு எழுதினார்கள். இரண்டு இடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். வைத்தியசாலையில் மருந்து கட்டும் அறைக் குழாய், தவமணியின் லயத்தில் மலைத் தண்ணீர் விழும் பீலி. பண்டார மாத்தயா என்னை அனுப்பினார்.

முதலில் வைத்தியசாலை. மருந்து கட்டும் அறையில் ஒரு பழைய பேசின், வாய் கறுத்த குழாய். வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு பெண், மருந்து கட்டுவதற்காகக் காத்திருந்தாள். அவள்தான் தவமணி என்று எனக்கு அப்போது தெரியாது. நான் துடைத்தேன். திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் ஓட விட்டேன். பஞ்சைக் கொளுத்தி வாயைச் சுட்டேன். பின்னால் குரல் கேட்டது.

"ஐயா, எதுக்குங்க பைப்ப நெருப்பு வச்சு..."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தூக்கினேன். அவள் நிறுத்திக்கொண்டாள். போத்தல் நிறைந்தது. காலை ஒன்பது பத்து என்று எழுதினேன், திகதி போட்டேன், ஐஸ் பெட்டியில் வைத்தேன். பண்டார மாத்தயா பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருக்க மாட்டார்.

அன்றே லயத்துக்குப் போனேன். பீலியில் ஒரு போத்தல் பிடித்தேன். தவமணியின் ஒற்றையறைக் காம்பராவுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் அடி கறுத்த கேத்தல், மூடியோடு. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஒரு பித்தளைச் செம்பு. பார்த்தேன், பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

முடிவுகள் வந்தன. வைத்தியசாலைத் தண்ணீர் திருப்திகரமானது. லயத்துப் பீலி திருப்தியற்றது. இரண்டு தாளிலும் என் கையெழுத்து. இரண்டையும் இணைத்து, முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று தவமணிக்குப் பதில் போய்விட்டது. எனக்கு அது இன்னொரு கோப்பு மட்டும்தான்.

சில வாரம் கழித்து அவள் எங்கள் கந்தோருக்கு வந்தாள். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில், இரண்டு கக்கத்திலும் கட்டையோடு. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஐயா, என்னைய ஞாபகம் இருக்குங்களா? அன்னைக்கி நீங்க பைப்பச் சுடுறப்போ வாசல்ல இருந்தேன். ஒண்ணு கேட்டேன், நீங்க கையக் காட்டிட்டீங்க."

"தண்ணி புடிக்கிறப்போ பேசக் கூடாதும்மா. அது சட்டம்" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

"சரிங்க. இப்பப் பேசலாம்ல? பத்து நாளு எனக்கு அந்தப் பைப்புலதான் புண்ணக் கழுவுனாங்க. விடிய மொத ஆளு நான்தான். ஒரு நாளாச்சும் யாரும் பைப்பச் சுட்டுட்டுக் கழுவலைங்க. ஓட விட்டும் கழுவல. தொறந்தாங்க, கழுவுனாங்க. என் காலுல பட்ட தண்ணி வேற, நீங்க போத்தல்ல புடிச்ச தண்ணி வேற இல்லைங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள்.

"எங்க வீட்டுல நான் பீலித் தண்ணியவா ஊத்துனேன்? கேத்தல்ல கொதிக்க வச்சு, ஆற வச்சு, செம்புல எடுத்துத் தொடச்சேன். அந்தத் தண்ணிய நீங்க புடிக்கவே இல்லையே ஐயா. கேக்கவும் இல்லையே."

அட கடவுளே! வைத்தியசாலையில் சுடாத தண்ணீரில் கழுவினார்கள். நான் சுட்டுவிட்டுப் பிடித்தேன். லயத்தில் அவள் சுடவைத்த தண்ணீரில் துடைத்தாள். நான் சுடாததைப் பிடித்தேன். லயத்தில் பிறந்தவன் நான். பிள்ளைக்காரிக்கும் புண்காரனுக்கும் தண்ணீர் ஆற வைக்கும் கேத்தல் எது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அங்கே நான் லயத்துப் பிள்ளையாக நிற்கவில்லை, பீ.எச்.ஐ.யாக நின்றேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

"நீங்க எனக்குக் காசு ஒண்ணும் தர வேணாங்க. இது என் அழுக்கு இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. ஊருல ஆளுக்காளு என் வீட்டப் பாத்து மூக்கச் சுளிக்குதுங்க" என்றாள். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அவளை உட்கார வைத்துவிட்டுப் பண்டார மாத்தயாவின் அறைக்குப் போனேன். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, மேசையில் வைத்தார். செய்முறைப் புத்தகத்தை எடுத்து, எனக்கு அவரே மனப்பாடமாகச் சொல்லித் தந்த பக்கத்தை முதல்முறை பார்ப்பவர் போல வாசித்தார்.

"இது ரோட்டுப் பைப்புல வர்ற தண்ணி குடிக்க நல்லதான்னு பார்க்கிற முறை" என்றார் மெதுவாக. "பைப்போட வாய்ல என்ன குடியிருக்குன்னு பார்க்கிற முறை இல்ல. நாம ஓட விட்டது தண்ணிய இல்ல ராஜு, அந்தப் பொம்பளையோட சாட்சிய."

அவளுடைய புண்ணில் இருந்த கிருமி குடல் கிருமி அல்ல, ஈரமான குழாய் வாயிலும் பேசின் ஓட்டையிலும் வழுவழுப்பாக ஒட்டி வாழும் வகை என்பதைப் பிறகு ஒரு டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஓட விட்டால் அதில் பாதி போய்விடும். சுட்டால் மீதியும் போய்விடும். போதாதற்கு, ஆய்வுகூடத்தில் நாங்கள் தேடச் சொன்னதும் குடல் கிருமியை மட்டும்தான்.

மறுநாள் விடிய, யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பிடித்துவிட வேண்டும் என்று இருவரும் போனோம். பண்டார மாத்தயாவே போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருந்து கட்டும் அறையைத் திறந்தால் புதுப் பேசின், பளபளவென்று புதுக் குழாய், சுவரில் புது டைல். வேலை முடிந்து இரண்டு வாரமாம். பழைய குழாய் எங்கே என்று கேட்டேன். "பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான்" என்றார்கள். வெறும் போத்தலோடு வாசலில் நின்றோம். பண்டார மாத்தயா அதுவரை வெறும் போத்தலோடு திரும்பியதை நான் பார்த்ததில்லை.

அன்று கந்தோரில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என் முடிவு அறிக்கை, குழாயை இரண்டு நிமிடம் ஓட விட்டு, வாயைச் சுட்டபின் எடுத்த தண்ணீரைப் பற்றியது. நோயாளியின் காயத்தில் பட்ட தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. லயத்திலும் அவர் காயத்துக்குப் பாவித்த தண்ணீரை நான் எடுக்கவில்லை. ஆகவே இந்த இரண்டு தாளையும் அவருக்கு எதிராகப் பாவிக்க முடியாது. பண்டார மாத்தயா வாசித்துவிட்டு, கீழே 'பரிசோதகருக்கு இந்த முறையைக் கற்பித்தவன் நான்' என்று ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டார். ஓய்வுக்கு அவருக்கு ஏழு மாதம் இருந்தது. மேலிடத்தில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். திரும்பி வந்து, "சரி, டீ குடிப்போம்" என்றார். அவ்வளவுதான்.

தவமணியை மாத்தளையில் இலவசச் சட்ட உதவி செய்யும் ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினேன். யாழ்ப்பாணப் பக்கத்து இளம் பெண். என் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"ஐயா, இது கோட்டில உங்களுக்கு எதிராத்தான் நிக்கும். பரவாயில்லையோ?"

"பரவாயில்ல மிஸ்" என்றேன்.

பிறகு தவமணியைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு என்ன வைத்தியம் செய்தவை எண்டதை அறிய உங்களுக்கு உரிமை இருக்கு. வார்ட்டில உங்களைப் பற்றி எழுதின டிக்கெட்டின்ர பிரதியைக் கேப்பம். தர மாட்டம் எண்டால் தகவல் அறியும் சட்டத்தில கேப்பம். நட்டஈட்டு வழக்கெண்டால் ரெண்டு வருஷத்துக்குள்ள போட வேணும், அதுக்குப் பிறகு போட ஏலாது. அதால அழுறதைப் பிறகு அழுவம், இப்ப கையெழுத்தை வையுங்கோ" என்றார்.

தவமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எனக்கு அந்தப் பிள்ளையை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

டிக்கெட்டின் பிரதி வர மாதங்கள் ஆயின. வந்தபோது அதில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. தவமணியை வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாளே புண்ணில் நாற்றம் என்று எழுதி, சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போனபின் முடிவு வந்திருக்கிறது. அதே கிருமி. யாரும் பார்க்காமல் கோப்பில் செருகிவிட்டார்கள். அதாவது, லயத்துப் படியில் அவள் கால் வைப்பதற்கு முன்பே கிருமி காலில் இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா ஐயா, பாத்தீங்களா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட்டையில் இருந்த வரியை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, தொற்று எங்கிருந்து வந்ததென்று தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதினார்கள். வழக்கு தொடர்ந்தது. நானும் கூண்டில் ஏறினேன். மறுபக்கத்துச் சட்டத்தரணி நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்தக் குழாயில் கிருமி இருந்ததென்று சொல்கிறீர்களா?"

"தெரியாது."

"நீங்கள்தானே தண்ணீர் எடுத்த அதிகாரி? ஏன் தெரியாது?"

"தெரிந்துகொள்ள வேண்டிய தண்ணீரை நான் கொட்டிவிட்டேன்."

அவர் தாளைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் பண்டார மாத்தயா இருந்தார். அப்போது ஓய்வு பெற்றுவிட்டார், யாரும் அழைக்கவில்லை, தானாக வந்திருந்தார்.

கடைசியில் சமரசமாக முடிந்தது. ஒரு தொகையும் செயற்கைக் காலும் கிடைத்தன. ஆனால் பிழை தங்களுடையது என்று யாரும் எழுதவில்லை. நீதிமன்றப் படியில் வைத்துத் தவமணி கேட்டாள்.

"ஐயா, அந்த மொதத் தண்ணி மட்டும் கையில இருந்திருந்தா எழுதியிருப்பாங்க இல்ல?"

"ஆமா தங்கச்சி" என்றேன்.

"சரி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

ஓய்வு பெற்றவர்கள் எதற்கெல்லாமோ ஏங்குகிறார்கள். எனக்கு அந்தக் காலை ஒன்பது மணிதான் வேண்டும். அந்தக் கறுத்த குழாய்க்கு முன்னால் இன்னொரு தடவை நிற்க வேண்டும். கையைத் தூக்காமல், திரும்பி, "என்னம்மா கேட்டீங்க?" என்று கேட்க வேண்டும். பண்டார மாத்தயாவும் போய்விட்டார். அவரிடமாவது இதைச் சொல்லி ஏங்கலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. வீட்டில் குழாயைத் திறக்கும்போது முதலில் வரும் தண்ணீரை நான் இன்றும் வீணாக்குவதில்லை. மனைவி திட்டுவாள், செம்பு செம்பாகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று.

நாவுலத் தம்பி அனுப்பிய தாள் வந்ததும் பஸ் ஏறினேன். தவமணிக்கு இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. செயற்கைக் காலில் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். தாள் சிங்களத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாள். "குழாயைத் திறந்து ஓட விடாமல், சுடாமல், வரும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்."

"அந்த மொத வரிய இன்னொருக்காப் படிங்க."

படித்தேன்.

"இதத்தானே ஐயா நான் அன்னைக்கே கேட்டேன்?"

"நீதான்மா கேட்ட."

"அதுல எம் பேரு போட்டிருக்குங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"இல்ல."

பேனாவை எடுத்து அந்தத் தாளின் ஓரத்தில், 'இதை முதலில் சொன்னவர் நோயாளி தவமணி. அவர் வீட்டில் அழுக்கு இல்லை' என்று தமிழில் எழுதினேன். கையொப்பமிட்டு, கீழே என் பழைய பதவியையும் எழுதினேன். எழுத எனக்கு இப்போது உரிமை இல்லை என்று தெரியும். வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"திகதி போடலைங்களே."

இன்றைய திகதியை எழுதக் குனிந்தேன்.

"இன்னைக்கி இல்லைங்க. நீங்க தண்ணி புடிச்ச அன்னைக்கி."

அந்தத் திகதியை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதினேன். பக்கத்தில் காலை ஒன்பது பத்து என்றும் எழுதினேன். முப்பத்து மூன்று வருடத் தொழிலில் பழைய திகதி போட்டு நான் கையொப்பமிட்ட தாள் அது ஒன்றுதான்.